காரைக்கால் விவாதம்: ஆணை பாரீசில், மடை தஞ்சாவூரில்

(இணைய இழை ஒன்று. ஒவ்வொரு பதிவின் மேலும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

அரசலாறு

1817 ஜனவரியில் இங்கிலீஷ்காரர் திருப்பிக் கொடுத்ததிலிருந்து 1954 நவம்பர் 1 வரை, தொடர்ந்து 137 வருஷம் காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. இன்றைய கணக்கில் சுமார் 160 சதுர கிலோமீட்டர். அப்போது மூன்று பக்கம் தஞ்சாவூர் ஜில்லா, நாலாவது பக்கம் கடல். வடக்கே நண்டலாற்றைத் தாண்டினால் தரங்கம்பாடி, தெற்கே வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர், மேற்கே அம்பகரத்தூர் தாண்டினாலும் பிரிட்டிஷ் சீமைதான்.

1739-ல் இந்த ஊரை வாங்கும்போது பக்கத்து வீட்டுக்காரர் தஞ்சாவூர் மராட்டிய ராஜா. அவரோடு பேரம் பேசலாம், சண்டை போடலாம், ஆற்காட்டு நவாபின் மருமகன் சந்தா சாகிப்பைப் பிடித்துக் காரியம் முடிக்கலாம். 1799-க்குப் பிறகு அந்த இடத்தில் கம்பெனி வந்து உட்கார்ந்துவிட்டது. 1814 பாரீஸ் உடன்படிக்கைப்படி பிரெஞ்சுக்காரர் இங்கே கோட்டை கட்டக் கூடாது, போலீஸ் வேலைக்கு வேண்டிய அளவுக்கு மேல் சிப்பாய் வைக்கக் கூடாது. கோட்டையும் படையும் இல்லாத நிர்வாகிக்கு இன்னொரு பக்கத்திலிருந்து பாரீஸின் சீர்திருத்த ஆணைகள்: 1848-ல் அடிமை ஒழிப்பு, பிறகு வாக்குரிமை, பிறகு சிவில் சட்டம்.

என் கட்சி இதுதான்: காகிதத்தில் முடிகிற சீர்திருத்தம் மட்டும் காரைக்காலில் நடந்தது. உப்பு, தண்ணீர், ஆள் என்று கையால் தொட வேண்டிய எதையும் பக்கத்து ஜில்லா கலெக்டர் சம்மதமில்லாமல் அசைக்க முடியவில்லை. மறுக்கிறவர்கள் விவரத்தோடு வாருங்கள். பாண்டிச்சேரிக் கதை வேண்டிய இடத்தில் மட்டும் போதும், அதற்குத் தனி இழை இருக்கிறது.

மாகாணி

உப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன். காரைக்கால் நிர்வாகத்தின் கழுத்துக் கயிறு அதுதான்.

1815 மார்ச் 7 ஒப்பந்தத்தின் சாரம்: பிரெஞ்சு இடங்களில் விளையும் உப்பில் ஊர்ச் செலவுக்குப் போக மீதி முழுவதையும் பிரிட்டிஷாருக்கே விற்க வேண்டும். பதிலுக்கு அவர்கள் வருஷத்துக்கு 4 லட்சம் சிக்கா ரூபாய் கொடுப்பார்கள். கம்பெனி ரூபாயில் அது சுமார் 4.26 லட்சம். கூடவே கல்கத்தா ஏலத்தின் சராசரி விலையில் 300 பெட்டி அபினி வாங்கிக்கொள்ளும் உரிமை.

மூன்று வருஷத்தில் இதுவும் போதவில்லை. உப்பளம் என்று ஒன்று இருந்தால் திருட்டு உப்பு எல்லை தாண்டத்தான் செய்யும். 1818 மே மாதம் புது ஏற்பாடு: உப்பு விளைச்சலையே நிறுத்திவிடுவது. உப்பளக்காரர்களுக்கு நஷ்டஈடாக வருஷம் 4,000 நட்சத்திர வராகன் (அந்தக் காலப் பொன் நாணயம்) பிரிட்டிஷார் தருவார்கள். ஊருக்கு வேண்டிய உப்பையும் அவர்களே உற்பத்தி விலைக்குக் கொடுப்பார்கள். முதலில் 15 வருஷத்துக்கு என்று போட்டார்கள். 1837-ல் அது காலவரம்பில்லாமல் நீண்டது.

இதில் மூன்று முடிச்சு. ஒன்று, அந்த 4 லட்சம் காரைக்காலுக்கோ பாண்டிச்சேரிக்கோ தங்கவில்லை, பிரான்சின் கஜானாவுக்குப் போனது. ‘இந்திய வருமானம்’ என்று பாரீஸ் பட்ஜெட்டில் ஏறியது. இரண்டு, பிரெஞ்சு எல்லைக்குள் உப்பு விலை பிரிட்டிஷ் விலையை ஒட்டியே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாஞ்சூர் வழியாக மூட்டை போகும். மூன்று, அடக்க விலைக்கு வாங்கி வரி விலைக்கு விற்பதால் நடுவில் நிற்கும் தொகை காலனிக்கு வருமானம். சென்னையில் உப்பு வரி ஏறினால் இங்கேயும் விலை ஏறும், நிர்வாகத்துக்கு வரவும் ஏறும். ஏழையின் உப்பு வரியைக் குறைக்கலாம் என்று ஒரு நல்ல கவர்னர் நினைத்தாலும் ஒப்பந்தமும் இடம் தராது, கணக்குப் பிள்ளையும் இடம் தரமாட்டார்.

வாஞ்சூர்

மாகாணி சார், கணக்கு சரி. ஆனால் பிரெஞ்சுக்காரனைக் கட்டிப்போட்டார்கள் என்று பரிதாபப்படாதீர்கள். அந்தக் கயிற்றுக்கு வருஷா வருஷம் வாடகை வாங்கிக்கொண்டிருந்தவன் அவன்தான். உப்பளத்தில் மிதித்தவனுக்கு என்ன கிடைத்தது? நஷ்டஈடு போனது அளத்து முதலாளிக்கு.

மாகாணி

அதை மறுக்கவில்லை. 4,000 வராகன் அளத்துச் சொந்தக்காரர்களுக்குத்தான். கூலிக்கு அளம் மிதித்தவர்களுக்கு ஒப்பந்தத்தில் ஒரு வரிகூடக் கிடையாது.

பதிவேடு

அரசலாறு ஐயா ‘காகிதத்தில் முடிகிற சீர்திருத்தம்’ என்று லேசாகச் சொல்லிவிட்டார். காகிதம் எப்படி வேலை செய்தது என்று பார்த்தால் அவ்வளவு லேசில்லை.

பிரான்சில் ஒரு சட்டம் வந்தால் அது தானாகக் காலனிக்கு வராது. காலனிக்கும் பொருந்தும் என்று தனியாக ஆணை வேண்டும். அந்த ஆணை கப்பலில் வந்த பிறகு கவர்னர் தன் கையெழுத்தில் அதைப் பிரகடனம் செய்து அரசிதழில் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் கோர்ட்டில் செல்லும். கவர்னருக்குப் பிடிக்காத ஆணையை மறுக்க முடியாது, ஆனால் தாமதிக்கலாம், விளக்கம் கேட்டு எழுதலாம், நடைமுறை விதிகளை மெல்ல எழுதலாம். கவர்னர்கள் வந்த வேகத்தில் மாறிக்கொண்டிருந்ததால் தாமதம் பாதி வேலையை முடித்துவிடும்.

இதற்கெல்லாம் அடியில் 1819 ஜனவரி 6 ஆணை இருக்கிறது. பிரெஞ்சுச் சட்டங்களை இங்கே அமலுக்குக் கொண்டுவந்த அதே ஆணைதான், இந்தியர்கள் இந்துவானாலும் முஸ்லிமானாலும் கிறிஸ்தவரானாலும் தங்கள் சாதிச் சட்டம், வழக்கப்படியே தீர்ப்பு பெறுவார்கள் என்றும் சொன்னது. வழக்கம் எது என்று தெரியாவிட்டால் கேட்டுச் சொல்ல 1827-ல் ஒன்பது பெரிய மனிதர்கள் கொண்ட ஆலோசனைக் குழு ஒன்றைப் பாண்டிச்சேரியில் அமைத்தார்கள். அந்த ஒன்பது பேரும் எந்த வீட்டுக்காரர்கள் என்று சொல்லத் தேவையில்லை. ‘சாதி வழக்கத்தில் தலையிட மாட்டோம்’ என்ற அந்த ஒரு வாக்குறுதி பின்னால் வந்த ஒவ்வொரு ஆணையின் காலையும் பிடித்து இழுத்தது.

1873-ல் பொன்னுத்தம்பி என்ற வக்கீல் ஐரோப்பியச் செருப்பும் காலுறையும் போட்டுக்கொண்டு பாண்டிச்சேரி கோர்ட்டுக்குள் போனார். அது உங்கள் வழக்கமில்லை, கழற்று என்றார் நீதிபதி. வழக்கு பாரீஸ் உச்ச நீதிமன்றம் வரை போய் வக்கீல் பக்கம் முடிந்தது. சாதி வழக்கத்தைக் காப்போம் என்ற சட்டம் அதை விட்டு வெளியே வர விரும்புகிறவனையும் உள்ளேயே தள்ளும் என்பது அந்த வழக்கில் பச்சையாகத் தெரிந்தது. 1881 செப்டம்பர் 21 ஆணை அதற்குத்தான் கதவு திறந்தது.

அரசலாறு

அந்த 1881 ஆணையின் நடைமுறையையும் எழுதிவிடுங்கள். பலரும் அதை மதமாற்றம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பதிவேடு

மதத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இந்துவாக இருந்துகொண்டே செய்யலாம். வயது வந்தவர் அதிகாரி முன் போய், என் சாதி வழக்கச் சட்டத்தைத் துறக்கிறேன், இனி எனக்குப் பிரெஞ்சு சிவில் சட்டம் என்று அறிவிக்க வேண்டும். குடும்பப் பெயர் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பதிய வேண்டும். அந்த அறிவிப்பு மனைவியையும் மைனர் பிள்ளைகளையும் சேர்த்துக் கட்டுப்படுத்தும். ஒரு தடவை செய்தால் செய்ததுதான், திரும்பப் பெற முடியாது. பொன்னுத்தம்பி முதல் ஆளாகப் போய் லாப்போர்த் என்று பெயர் வைத்துக்கொண்டார். இப்படி மாறியவர்கள்தான் ரெனோன்சான்கள்.

மாறினால் என்ன வரும்? கூட்டுக்குடும்பச் சொத்துமுறை போய்விடும், பாகம் பிரெஞ்சுச் சட்டப்படி, பெண் பிள்ளைக்கும் சமமாக. நிலம் வைத்திருக்கும் மிராசுதார் ஏன் பயந்தார் என்பது இதிலேயே தெரியும். ஒரு வேலி நிலம் என்றால் 20 மா. நாலு பிள்ளைக்கு ஐந்து ஐந்து மா என்று போய், அதில் ஒரு பங்கு மருமகன் ஊருக்குப் போகும். நிலம் இல்லாதவனுக்கு இழக்க ஒன்றும் கிடையாது. ரெனோன்சான்களில் ஒடுக்கப்பட்ட சாதியினரும் கிறிஸ்தவரும் நிறைய இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

வாஞ்சூர்

ஓட்டுப் பட்டியலை விட்டுவிட்டீர்களே. அங்கேதான் கூத்து.

பதிவேடு

வந்துகொண்டிருக்கிறேன் தம்பி.

1871-லிருந்து ஆண்கள் எல்லோருக்கும் ஓட்டு. சென்னை மாகாணத்தில் இருபதாம் நூற்றாண்டு பிறந்த பிறகும் சொத்துக்காரனுக்கே ஓட்டு என்று இருந்தபோது, திருநள்ளாற்றில் கூலிக்காரனுக்கு ஓட்டு. எல்லையின் இரண்டு பக்கமும் ஒரே சாதி, ஒரே கூலி, ஒரே மிராசுதார் குடும்பம்கூட. இது பெரிய விஷயம், அரசலாறு ஐயா இதைக் காகிதம் என்று தள்ளக் கூடாது.

ஆனால் ஓட்டைப் பட்டியலாகப் பிரித்தார்கள். 1884 ஏற்பாட்டில் மூன்று பட்டியல்: ஐரோப்பியரும் அவர்கள் வாரிசுகளும் ஒன்று, ரெனோன்சான்கள் ஒன்று, மற்ற எல்லோரும் ஒன்று. மூன்றுக்கும் இடம் சமம். ஜனத்தொகையில் மிகச் சிறிய முதல் பட்டியலுக்கும் மிகப் பெரிய மூன்றாம் பட்டியலுக்கும் ஒரே எடை. ரெனோன்சான்களும் ஐரோப்பியரும் சேர்ந்தால் பெரும்பான்மை சாதி இந்துக்களைத் தோற்கடிக்கலாம். மூன்றாம் பட்டியலின் தலைவர் சண்முக வேலாயுத முதலியார் முதல் பட்டியலில் ஒரு கோஷ்டியைக் கையில் போட்டுக்கொண்டு அதைத் திருப்பி அடித்தார். 1899-ல் ரெனோன்சான் பட்டியலையே எடுத்துவிட்டு இரண்டு பட்டியல் ஆக்கினார்கள். குறிப்பிட்ட தகுதி உள்ள மிகச் சில ரெனோன்சான்களுக்கு மட்டும் முதல் பட்டியலில் இடம், மற்றவர்கள் இரண்டாம் பட்டியலில் சாதி இந்துக்களின் ஓட்டுக் கடலில் கரைந்தார்கள். சாதியைத் துறந்தவனுக்கு அரசியல் பலன் வெறும் பதினைந்து வருஷம்.

நகரசபை விஷயமும் அப்படித்தான். 1880-ல் பிரெஞ்சிந்தியாவில் பத்து கொம்யூன் (நகரசபைப் பகுதி). அதில் காரைக்கால் பகுதிக்கு மூன்று: காரைக்கால், திருமலைராயன்பட்டினம், நெடுங்காடு. 1907-ல் கோட்டுச்சேரி, நிரவி, திருநள்ளாறு சேர்ந்து ஆறு. மேயர், கவுன்சிலர், பட்ஜெட் எல்லாம் உண்டு. மேயர் கையில்தான் வாக்காளர் பட்டியலும் பிறப்பு இறப்புப் பதிவும். யார் பெயரைச் சேர்ப்பது, யாரைச் செத்தவன் கணக்கில் எழுதுவது என்பதெல்லாம் அந்த அறையிலேயே முடியும். தேர்தல் அன்று பெட்டியைக் காக்க அடியாள், பெட்டியைத் தூக்க இன்னொரு அடியாள்.

நடவுக்காரி

சட்டம் பேசுகிறவர்கள் வயலுக்கு இறங்கிப் பேசுங்கள். காரைக்காலில் ‘சீர்திருத்த நெருக்கடி’ என்றால் எனக்கு முதலில் நினைவு வருவது கப்பல்.

1848 ஏப்ரல் 27 ஆணையால் பிரெஞ்சுக் காலனிகளில் அடிமைமுறை ஒழிந்தது. ரீயூனியன் தீவில் டிசம்பர் 20-ல் 60,000-க்கும் மேற்பட்டவர்கள் விடுதலையானார்கள். கரும்புத் தோட்டக்காரர்களுக்கு ஆள் இல்லை. உடனே பாண்டிச்சேரி, காரைக்கால் துறைமுகங்களைப் பார்த்தார்கள். ஒரு தீவில் வந்த சீர்திருத்தத்தின் விலையை இந்த டெல்டா கட்டியது.

பிரெஞ்சு எல்லைக்குள் இருந்த ஜனத்தொகை எத்தனை? கப்பலை நிரப்ப அது போதாது. மேஸ்திரிகள் எல்லை தாண்டித் தஞ்சாவூர் ஜில்லாவில் ஆள் பிடித்தார்கள். பஞ்ச வருஷத்தில் வேலை சுலபம். பெயரை மாற்றிச் சொல்லு, ஊரைக் கேட்டால் பிரெஞ்சு கிராமம் ஒன்றைச் சொல்லு என்று சொல்லிக் கொடுத்து, கப்பல் வரும்வரை ஆட்களை வைத்திருக்கும் டிப்போவில் அடைப்பார்கள். சென்னை அரசாங்கம் ஆள் கடத்தல் என்று புகார் மேல் புகார் எழுதியது.

1860, 1861 உடன்படிக்கைகள் வந்த பிறகு இது முறைப்பட்டது. 1860-ல் ரீயூனியனுக்கு 6,000 பேர் வரை எடுக்க அனுமதி. 1861 ஜூலை 1 உடன்படிக்கை மற்ற பிரெஞ்சுத் தீவுகளுக்கும் கதவைத் திறந்தது. நிபந்தனைகளைப் பாருங்கள். ஆள் எடுக்கும் பிரெஞ்சு ஏஜென்டுக்கு பிரிட்டிஷ் அரசின் சம்மதம் வேண்டும். பிரெஞ்சுத் துறைமுகத்திலேயே பிரிட்டிஷ் கன்சல் ஏஜென்ட் உட்கார்ந்து, கப்பல் ஏறுகிறவன் மனசோடு போகிறானா, ஒப்பந்தம் அவனுக்குப் புரிந்ததா என்று பார்க்க வேண்டும். ஒப்பந்தம் ஐந்து வருஷத்துக்கு மேல் கூடாது. வாரத்தில் ஆறு நாளுக்கு மேலோ, ஒரு நாளில் ஒன்பதரை மணி நேரத்துக்கு மேலோ வேலை வாங்கக் கூடாது. காலம் முடிந்தால் காலனியின் செலவில் திருப்பி அனுப்ப வேண்டும். ஒவ்வொரு கப்பலிலும் ஆண்களின் எண்ணிக்கையில் குறைந்தது கால்வாசி பெண்கள்.

எங்கே இடித்தது? முதலாவது அந்தக் கால்வாசி. குடும்பமாகப் போகிறவர்கள் குறைவு. கணக்கு நிறையாவிட்டால் கப்பல் புறப்படாது, புறப்படாத ஒவ்வொரு நாளும் டிப்போவில் எல்லோருக்கும் சோறு போட வேண்டும். அதனால் தனியாக அகப்பட்ட பெண்களைக் கொண்டு கணக்கை நிரப்பினார்கள். இரண்டாவது துறைமுகம். காரைக்காலில் கப்பல் கரைக்கு வராது, அரசலாற்று முகத்திலிருந்து படகில் போய்த்தான் ஏற வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் கடல் கொந்தளித்தால் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. மூன்றாவது, தீவுக்குப் போன பிறகு ஒன்பதரை மணியை அளக்க யார் இருக்கிறார்கள்? 1877-ல் இரண்டு நாட்டுப் பிரதிநிதிகளும் சேர்ந்து ரீயூனியனில் விசாரணை நடத்தினார்கள். 1882-ல் அங்கே அனுப்புவதை பிரிட்டிஷார் நிறுத்தினார்கள். 1888-ல் மற்ற தீவுகளுக்கும் நின்றது.

இதில் அரசலாறு ஐயாவின் கட்சி கொஞ்சம் ஆடுகிறது. இந்த விஷயத்தில் சீர்திருத்தம் பாரீஸிலிருந்து வரவில்லை, பக்கத்து வீட்டுக்காரனிடமிருந்து வந்தது.

வாஞ்சூர்

அக்கா, பக்கத்து வீட்டுக்காரனுக்கு அவ்வளவு இரக்கமா? அதே காலத்தில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு ஆள் ஏற்றியவன் யார்? சிலோன் காப்பித் தோட்டத்துக்கு நடத்திக் கொண்டுபோனவன் யார்?

நடவுக்காரி

இரக்கம் என்று நான் சொல்லவில்லையே. 1861-ல் பிரிட்டிஷார் சம்மதித்ததற்குக் காரணம் ஆப்பிரிக்காவில் இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் ஆப்பிரிக்கக் கரையில் ‘ஒப்பந்தக் கூலி’ என்ற பெயரில் அடிமைகளையே விலைக்கு வாங்கி ரீயூனியனுக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள். அதை நிறுத்தினால் இந்தியாவில் ஆள் எடுக்கலாம் என்பதுதான் பேரம். மிராசுதார்களுக்கும் கணக்கு இருந்தது. நடவு நேரத்தில் பண்ணையாள் டிப்போவுக்கு ஓடிவிட்டால் கூலி ஏறும். சென்னைக்குப் போன புகார்களில் எது மனிதாபிமானம், எது நடவுக்கு ஆள் கிடைக்காத கோபம் என்று பிரிக்கவே முடியாது.

பண்ணையாள் பக்கமிருந்தும் பாருங்கள். 1843 சட்டம் பிரிட்டிஷ் கோர்ட்டில் அடிமை உரிமையைச் செல்லாது என்றது. 1848 ஆணை பிரெஞ்சுப் பக்கம் அடிமை என்ற சொல்லையே ஒழித்தது. கல்யாணக் கடனுக்கு எழுதிக் கொடுத்த சீட்டை இரண்டும் தொடவில்லை. டிப்போ வாசலில் கிடைத்த முன்பணம் சிலருக்கு அந்தச் சீட்டிலிருந்து தப்பிக்க இருந்த ஒரே வழி.

தலைமடை

தண்ணீரைப் பற்றி யாரும் பேசாமல் இவ்வளவு தூரம் வந்தது ஆச்சரியம்.

காரைக்காலுக்கு வரும் ஆறுகள்: அரசலாறும் அதிலிருந்து பிரியும் நாட்டாறு, வாஞ்சியாறு, நூலாறும் ஒரு கொத்து. தெற்கே குடமுருட்டி வழி வரும் திருமலைராஜனாறு. வடக்கே நண்டலாறு. எல்லாவற்றுக்கும் தலைப்பு பிரிட்டிஷ் எல்லைக்குள். திறப்பதும் அடைப்பதும் தஞ்சாவூர் பொதுப்பணிக்காரர்கள். காரைக்கால் முழுக்கவே கடைமடை. தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது இங்கே. வெள்ளம் வந்தால் மேலே இருக்கிற அத்தனை வயலின் வடிகாலும் இங்கேதான் கடலுக்குப் போகும். புயல் சமயத்தில் கடல் மட்டம் ஏறி ஆற்று முகம் அடைபட்டால் சம்பா பயிர் கழுத்தளவு தண்ணீரில் நிற்கும்.

ஆனால் ஒரு விஷயம் நியாயமாகச் சொல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டு தொடங்கும்போது காவிரிப் படுகை மணல் மேடிட்டு, வருகிற தண்ணீரில் பெரும்பங்கு கொள்ளிடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. 1836-ல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணை கட்டி அதைத் தடுத்துக் காவிரிக்குத் திருப்பினார். அந்தச் செலவில் பிரெஞ்சுக்காரர் பங்கு கிடையாது, பலனில் உண்டு. ஆக வலுவான பக்கத்து வீட்டுக்காரன் என்றால் எப்போதும் கெடுதல் மட்டும் என்று எழுத முடியாது.

பிரச்னை வேறு. 1854 ஜனவரி 16 ஆணையால் நிலம் வைத்து வரி கட்டி வந்தவர்களுக்கு பிரெஞ்சு அரசு முழுச் சொத்துரிமை கொடுத்தது. நிலத்தின் மேல் அரசுக்கு இருந்த பாத்தியதை போய் வரி மட்டும் மிஞ்சியது. அருமையான சீர்திருத்தம். நிலத்துக்குப் பட்டயம் கொடுத்த அரசால் தண்ணீருக்கு ஒரு மடைகூடக் கொடுக்க முடியவில்லை. மகசூல் போனால் வரித் தள்ளுபடி கேட்டு மிராசுதார் காரைக்கால் நிர்வாகியிடம் மனு கொடுப்பார். நிர்வாகி பாண்டிச்சேரிக்கு எழுதுவார். கவர்னர் சென்னைக்கு எழுதுவார். சென்னை தஞ்சாவூர் கலெக்டரைக் கேட்கும். பதில் வருவதற்குள் குறுவை முடிந்துவிடும்.

டேன்ஸ்போர்க்

நண்டலாற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல். காரைக்காலுக்கு நேர்ந்ததைத் தரங்கம்பாடியோடு வைத்துப் பார்க்காமல் பேசினால் பாதிதான் தெரியும்.

1620-ல் ரகுநாத நாயக்கர் டேனிஷ்காரருக்கு இடம் கொடுத்தார், வருஷக் குத்தகையோடு. இங்கே சீர்திருத்த நெருக்கடி மன்னர் வழியாகவே வந்தது. டேனிஷ் மன்னர் நாலாம் பிரெடரிக் அனுப்பிய கிறிஸ்தவ மதபோதகர் சீகன்பால்க் 1706 ஜூலை 9-ல் இறங்கினார். கம்பெனிக்காரர்களுக்கு வியாபாரம் கெடும் என்ற பயம். அவர் ஒரு விதவையின் கடன் வழக்கில் தலையிட்டதும் கவர்னர் ஹாசியஸ் 1708 நவம்பரில் கோட்டையில் அடைத்தார், நாலு மாசம். மன்னரின் ஆளை மன்னரின் கவர்னரே சிறை வைத்த கதை. தலைநகரம் அனுப்பும் சீர்திருத்தத்தைத் தாங்க வேண்டியவன் உள்ளூர் நிர்வாகி என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

ஆனால் முடிவு வேறு. டேனிஷ்காரருக்கு வருஷம் 4 லட்சம் தரும் உப்பு ஒப்பந்தம் எதுவும் கிடையாது. 1801-லும் 1808-லும் பிரிட்டிஷார் ஊரைப் பிடித்தார்கள். இரண்டாம் தடவை 1815 வரை வைத்திருந்தார்கள். திரும்பி வந்தபோது வியாபாரம் செத்துவிட்டது. 1845-ல் தரங்கம்பாடியையும் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். கொஞ்ச காலம் தஞ்சாவூர் ஜில்லாவின் தலைமையிடமாகவே தரங்கம்பாடி இருந்தது. பிறகு 1861-ல் ரயில் நாகப்பட்டினத்துக்கு வந்தது, எங்கள் துறைமுகம் படுத்துவிட்டது.

மாகாணி

நல்ல ஒப்பீடு. மொத்த விலை பன்னிரண்டரை லட்சம். பிரெஞ்சுக்காரருக்கு உப்பில் மட்டும் மூன்று வருஷத்தில் அதே தொகை வந்துவிடும். விற்காததற்கு இது ஒன்றே காரணம் என்று சொல்லமாட்டேன், பிரான்சின் கௌரவமும் இருக்கிறது. ஆனால் விற்றுவிடலாம் என்று பாரீஸில் பேச்சு எழும்போதெல்லாம் இந்த வரவு குறுக்கே நிற்கும்.

ரயில் என்றதும் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பேரளம்–காரைக்கால் மீட்டர்கேஜ் பாதை 1898 மார்ச் 14-ல் திறந்தது, சுமார் 23 கிலோமீட்டர். பணம் பிரெஞ்சுக் காலனியுடையது, ஓட்டியது தென்னிந்திய ரயில்வே. தன் துறைமுகத்தை உள்நாட்டோடு இணைக்கத் தன் காசில் பாதை போட்டும், வண்டி போய்ச் சேரும் ஜங்ஷன் பக்கத்து வீட்டுக்காரனுடையது.

அரசலாறு

நடவுக்காரி அக்கா சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ‘பக்கத்து வீட்டுக்காரன் சம்மதமில்லாமல்’ என்ற என் வாக்கியத்தில் அவனே சீர்திருத்தக்காரனாக வரும் இடம் அடங்கவில்லை. அப்படியானால் எதிர்த்திசையையும் பார்க்க வேண்டும்: பிரிட்டிஷ் பக்கம் சீர்திருத்தம் வந்து, பிரெஞ்சுப் பக்கம் அதற்கு ஓட்டையாக இருந்தது எங்கெங்கே?

பதிவேடு

சாரதா சட்டம், அதாவது குழந்தை மணத் தடைச் சட்டம். 1930 ஏப்ரல் 1 முதல் குறைந்தபட்சக் கல்யாண வயது பெண்ணுக்குப் 14, பையனுக்கு 18. பிரிட்டிஷ் எல்லைக்குள் இருந்த வீடுகள் பெண்ணை அழைத்துக்கொண்டு பிரெஞ்சு எல்லைக்குள் வந்து தாலி கட்டித் திரும்பின. இங்கே 1819 வாக்குறுதி இருந்தது, சாதி வழக்கம் என்று சொன்னால் முடிந்தது. 1938-ல் பிரிட்டிஷ் பிரஜைகள் எல்லைக்கு வெளியே செய்தாலும் சட்டம் பாயும்படி திருத்தினார்கள்.

மதுவிலக்கும் அப்படி. சென்னை மாகாணம் முழுக்க 1948-ல் மதுவிலக்கு வந்தது. அன்றைக்கு வாஞ்சூர் எல்லையின் மவுசு ஏறியது, இன்றுவரை இறங்கவில்லை. நம்ம வாஞ்சூர் தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது.

வாஞ்சூர்

கோபமில்லை சார். ஊர்ப் பெயரைக் கெடுத்தவர்கள் எல்லாம் நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள்.

நடவுக்காரி

முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். 1952 தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம். சாகுபடி செய்யும் குத்தகைதாரருக்கு மகசூலில் குறைந்தது 40 சதவீதம், பண்ணையாளைக் காரணமில்லாமல் வெளியே தள்ளக் கூடாது. ஜில்லா முழுக்க அமல். நடுவில் இருக்கிற காரைக்காலில் அப்போது பிரெஞ்சுக் கொடி, அதனால் இல்லை. ஒரே வாய்க்காலின் இந்தக் கரை வயலில் 40 சதவீதம் சட்டம், அந்தக் கரை வயலில் மிராசுதார் சொன்னது சட்டம். 1871-லேயே ஓட்டு வாங்கியவனுக்கு 1952-ல் வாரப் பாதுகாப்பு (மகசூல் பங்குக்குப் பாதுகாப்பு) கிடையாது. இணைந்த பிறகும் உடனே வரவில்லை. புதுச்சேரிக்குக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் 1970-ல், நில உச்சவரம்பு 1973-ல்.

பதிவேடு ஐயா, ஓட்டு பெரிய விஷயம் என்றீர்கள். ஓட்டு வைத்திருந்தவர்கள் எண்பது வருஷத்தில் ஏன் வாரத்தைத் தொட முடியவில்லை?

பதிவேடு

நேரடியாகச் சொன்னால், பட்டியல் முறை. இரண்டாம் பட்டியலில் எண்ணிக்கை கூலிக்காரனுடையது, வேட்பாளர் மிராசுதார் வீட்டுக்காரர். ஓட்டுச் சீட்டு ரகசியமாக இருந்தாலும் மேயர் அறை ரகசியமாக இல்லை. அதற்கு மேல் நிலக் குத்தகை என்பது சாதி வழக்கமா சிவில் சட்டமா என்ற கேள்வி வந்தால் ஒன்பது பெரிய மனிதர் குழுவைத்தான் கேட்பார்கள். இந்த இடத்தில் நீங்கள் சொல்வது சரி, என்னிடம் நல்ல பதில் கிடையாது.

கோட்டுச்சேரி புதுசு

இழையை முழுதும் படித்தேன். இரண்டு கேள்வி. ரெனோன்சான் சட்டம் இப்போதும் செல்லுமா? காரைக்கால் தண்ணீர் இப்போது எந்தக் கணக்கில் வருகிறது?

பதிவேடு

செல்லும். இந்து திருமணச் சட்டத்தின் 2-ஆம் பிரிவிலேயே 2ஏ என்று ஓர் உட்பிரிவு உண்டு: புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தின் ரெனோன்சான்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. திருமணம், வாரிசு எல்லாம் அவர்களுக்குப் பழைய பிரெஞ்சு சிவில் சட்டப்படி. பத்திரம் எழுதும்போது கொள்ளுத்தாத்தா 1881 ஆணைப்படி அறிவிப்பு கொடுத்தாரா என்று பதிவுச் சான்று கேட்பார்கள். லத்தீன் குடும்பப் பெயர் இருப்பது மட்டும் போதாது, அறிவிப்பின் நகல் வேண்டும்.

தலைமடை

தண்ணீருக்கு: 2007 காவிரி நடுவர் மன்றத் தீர்ப்பில் புதுச்சேரிக்கு வருஷம் 7 டிஎம்சி (ஒரு டிஎம்சி நூறு கோடி கன அடி). 2018-ல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றவில்லை. இது முழுக்க காரைக்காலுக்குத்தான், புதுச்சேரி நகரத்துக்குக் காவிரி கிடையாது. ஒரு டிஎம்சி என்றால் ஒரு நாள் முழுக்க விநாடிக்கு 11,574 கன அடி ஓடுவது. ஏழையும் ஜூன் முதல் ஜனவரி வரை 245 நாளுக்குச் சராசரி போட்டால் விநாடிக்குச் சுமார் 330 கன அடி. பாசனத்துக்கு அப்படிச் சமமாகப் பிரித்துப் பயனில்லை. நாற்றங்காலுக்கும் நடவுக்கும் ஒரேயடியாக வேண்டும், அறுவடைக்கு முன் வேண்டவே வேண்டாம். அளவு எடுப்பது எல்லையில். தலைப்பு இன்றும் தமிழ்நாட்டின் கையில்தான், 2021 வரை பொதுப்பணித் துறை, இப்போது நீர்வளத் துறை. பிரெஞ்சுக்காரர் போய்விட்டார், மனு போகும் பாதை மட்டும் அப்படியே: காரைக்காலிலிருந்து புதுச்சேரி, புதுச்சேரியிலிருந்து சென்னை, சென்னையிலிருந்து தஞ்சாவூர்.